நசுங்காத பழம்

நசுங்கியிருக்கும், நசுங்காமல் எங்கே போய்விடும், அத்தனை டன் இரும்பு மேலே ஏறியிருக்கிறது, ஓர் எலுமிச்சம்பழம் அதற்கு எம்மாத்திரம் என்று மாரிக்கனி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி வாய் மூடுவதற்குள், நசுங்கவில்லையே, நீதான் பார்த்தாயே என்று உள்ளே இருந்து இன்னொருத்தி சொன்னாள். பார்த்தாள்தான். கண்ணாடித் தொழிற்சாலைக்குப் பூமி பூஜை முடிந்து, வேலையைத் தொடங்கிவைக்கிற சடங்காக ரோலரின் முன்னுருளைக்கு அடியில் ஒரு பழமும் பின்சக்கரங்களுக்கு அடியில் சக்கரத்துக்கு ஒரு பழமும் வைத்தார்கள். சூடம் காட்டியதும் வண்டி ஒரு முழம் முன்னால் உருண்டது. பின்னால் இருந்த இரண்டும் பட்டென்று வெடித்துச் சாறு தெறித்தது, எல்லாரும் கைதட்டினார்கள். முன்னால் இருந்தது வெடிக்கவில்லை. பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தினால் இறங்குமே, அப்படி முழுசாகக் கரிசல் மண்ணுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வண்டி பின்வாங்கியதும் மண்ணுக்குள்ளிருந்து மஞ்சளாக அவளைப் பார்த்தது. சூப்பர்வைசர் செல்லத்துரை அண்ணாச்சி காலாலேயே மண்ணைத் தள்ளி அதை மூடிவிட்டு, "நசுங்கிட்டு, நசுங்கிட்டு, எல்லாம் நல்லபடியா நசுங்கிட்டு" என்று தேங்காயை ஓங்கி உடைத்தார். மேனேஜர் வரதராஜன் சாரும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களும் பந்தலுக்குக் கேசரி சாப்பிடப் போய்விட்டார்கள். சார் போகிற போக்கில், "சாயங்காலம் டெஸ்ட் ரிசல்ட் வேணும், கனி மேடம்" என்றார். சரி சார் என்றாள். அந்தச் சரி சாருக்குப் பிறகு அவள் வாய் திறக்கவே இல்லை.

ரோலர் வேலையைத் தொடங்கிவிட்டது. இன்றைக்குக் கொடி நட்டு அளந்துவிட்ட துண்டு இது மட்டும்தான், கேட் ஆபீஸ் வரப்போகிற இடம். மேற்கு ஓரத்தில் ஆரம்பித்து, தெற்கே போய் வடக்கே திரும்பி, ஒவ்வொரு தடவையும் ஓர் உருளை அகலம் கிழக்கே தள்ளி வரும். கடைசி வரிசை வடகிழக்கில், ஈசானி மூலையில், பூஜை நடந்த இடத்தில் முடியும். பூஜையின்போது அது சும்மா உருண்டது, இப்போது அதிர்வைப் போட்டுக்கொண்டு வருகிறது, தரை குலுங்குகிற குலுங்கல் பூட்ஸ் வழியாக ஏறி அவள் முழங்காலில் நிற்கிறது. வருகிறது, போகிறது, திரும்பவும் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பக்கத்தில். சிவில் படித்தவள், மண்ணைக் குடைந்து மணலை ஊற்றி எடை பார்த்து இந்தத் தரை தாங்கும் தாங்காது என்று கையெழுத்துப் போடுகிறவள், ஒரு பழத்துக்குப் பயப்படுகிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தண்ணி லாரி நேற்று அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் நின்றது, குழாய் ஒழுகியிருக்கும், மண் ஊறியிருக்கும், ஈர மண்ணில் பழம் இறங்கத்தான் செய்யும். நல்ல காரணம். புத்தகத்தில் அச்சடிக்கலாம். ஆனால் நாலு எட்டு பின்னால் இருந்த பழங்கள் வெடித்தனவே, தண்ணி லாரி இங்கே மட்டும் பார்த்துப் பார்த்தா ஒழுகிற்று என்று உள்ளே இருந்தவள் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லி மாளாது.

பயம் பழத்தை நினைத்து இல்லை. ரோலரின் மேல் உட்கார்ந்திருக்கிற மனுஷனை நினைத்து, பழம் நசுங்காவிட்டால் ஓட்டுகிறவனுக்கு ஆகாது என்பார்கள். வெளிறிப்போன நீலச் சட்டை, தலையில் துண்டு, துண்டுக்கு மேல் ஹெல்மெட், பெயர் வெயிலுமுத்து. சைட்டில் இருக்கிற எல்லாருக்கும் அவர் ரோலர் ஆபரேட்டர். அவளுக்கு மட்டும் அப்பா. வாடகை வண்டியோடு எந்த ஊருக்குப் போவார் என்று அவருக்கே தெரியாத பிழைப்பு, பொங்கல் கழிந்து அது நேராக அவள் வேலை பார்க்கிற சைட்டிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டது. டிரெய்லரிலிருந்து இறங்கியவர் அவளைப் பார்த்தார், அவள் வாயைத் திறக்கும் முன்னால் கும்பிட்டு "வணக்கம் மேடம்" என்றார். அப்பா தன்னைக் கும்பிட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் போனில் விளக்கம் சொன்னார். "நான் உருட்டுன தரைக்கு நீ பாஸ் போடுத. அப்பனும் மகளும்னு தெரிஞ்சா நீ போடுத பாஸை எவன் நம்புவான்? பேசாம இரு தாயி. நான் யாரோ, நீ யாரோ." சரியென்றுதான் பட்டது. சரியென்று பட்டதோடு ஒரு நிம்மதியும் வந்தது, கிரீஸ் படிந்த கையும் பீடி வாசமுமாக ஒருத்தர் பந்தலுக்குள் வந்து இவ எம் மவ என்று சொல்லப்போவதில்லை என்கிற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் அவளுக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பூஜைக்கு முன்னாலேயே, சைட்டுக்கு வருகிற ரோட்டில், ஒரு தடவை அவர் உருட்டிய தரைக்கே பெயில் போட்டாள். மொட்டை வெயிலில் திரும்ப ஏறி உருட்டினார், முகத்தில் ஒன்றும் இல்லை. போனில் மட்டும் சிரித்தார், "சரியாத்தான் போட்டிருக்க, அந்த ஓரத்துல நான் கொஞ்சம் ஏமாத்திட்டேன்" என்று. இதோ திரும்புகிறார். வடக்கு முனைக்கு வந்து பின்னால் போகிறார். பின்னால் போகும்போது ஹாரன் பீப் பீப் என்கிறது. அம்மா காலையில் போன் பண்ணினாள், அப்பாவுக்கு இன்னைக்குச் சந்திராஷ்டமம், வண்டியில ஏறாண்டாம்னு சொன்னா கேக்க மாட்டாவ, நீயாவது பாத்துக்கோ என்றாள். அம்மாவைக் கேலி பண்ணினாள் மாரிக்கனி, ரோலருக்கு என்ன ராசிம்மா என்று கேட்டாள். இப்போது அந்தக் கேலி நாக்கில் கசக்கிறது.

போய்ச் சொல்லிவிட்டால் என்ன? வண்டியை நிறுத்துங்கள், அந்த மூலையில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. என்ன சந்தேகம் மேடம்? பழம் நசுங்கவில்லை. இதைச் சொல்வதற்கா நாலு வருஷம் படித்தாய் என்று கேட்க மாட்டார்கள், மரியாதைக்காரர்கள், சிரித்துக்கொள்வார்கள். ஏற்கெனவே அவளுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. தென்காசிப் பக்கம் பிறந்து சாரலில் வளர்ந்தவளுக்குக் கரிசல் எப்படித் தெரியும், வந்த புதிதில் தரையில் கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்பைப் பார்த்துவிட்டு, பூமி பிளக்கிறது என்று வேலையை நிறுத்திவிட்டாள். கோடையில் கரிசல் வெடிக்காமல் வேறென்ன பண்ணும் என்று டீ வாங்கி வருகிறவர் வரைக்கும் அவளுக்குப் பாடம் நடத்தினார்கள். அன்றிலிருந்து வெடிப்பு மேடம். பந்தலுக்குள் இருந்து அந்தப் பெயரை யாராவது மெதுவாகச் சொன்னாலும் அவள் காதுக்குக் கேட்டுவிடும். பொம்பளப்பிள்ளைக்குப் பயம் ஜாஸ்தி என்பார் செல்லத்துரை அண்ணாச்சி, பிரியமாகத்தான் சொல்லுவார், அதுதான் இன்னும் எரிச்சல். இன்னொரு வெடிப்பு மேடம் ஆக அவளுக்குத் தெம்பு இல்லை. அதோடு, வண்டியை நிறுத்தினால் யாருக்காக நிறுத்தினாய் என்று கேள்வி வரும். அந்த ஆபரேட்டர் முகத்தைப் பார், உன் முகத்தைப் பார், இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு என்று யாராவது சொன்னால்? பிறகு அவள் இதுவரை போட்ட பாஸ் எல்லாம் அப்பனுக்கு மகள் போட்ட பாஸ் ஆகிவிடும். வேண்டாம். ஒன்றும் ஆகாது. கரிசல் தரை, ஒரு வாரமாக மண் வெட்டி வண்டி ஓடின தரை. ஆனால் அந்த மூலையில் எந்த வண்டி ஓடிற்று? பூஜைக்கு என்று கயிறு கட்டி ஒதுக்கி வைத்திருந்தார்களே. ஐயோ, எந்த வண்டியும் ஓடவில்லை.

"என்ன மேடம், இந்த வெயில்ல நிக்கிய? உள்ள வந்து ஒரு வாய் கேசரி சாப்பிடுங்க" என்றார் செல்லத்துரை அண்ணாச்சி, வாழையிலைத் துண்டோடு பக்கத்தில் வந்து.

"அண்ணாச்சி, அந்த மூலை மண்ணு கொஞ்சம் லேசா இருக்கோ?"

"லேசாவா? சார் கடப்பாறையை வச்ச ஒடனே எப்படி எறங்குச்சு பாத்தியளா? ரெண்டாம் குத்துக்கே வேலையில்ல. சாரு கை ராசி, பூமாதேவி விட்டுக்குடுத்துட்டா."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஆமாம், கடப்பாறை. பூச்சுற்றிச் சந்தனம் தடவிய கடப்பாறையை வரதராஜன் சார் இரண்டு விரலால் பிடிப்பது மாதிரிப் பிடித்து மண்ணில் வைத்தார், வாழ்நாளில் கம்ப்யூட்டர் மவுஸைத் தவிர வேறெதையும் அழுத்தாத கை, அது சொருகென்று இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள், இவளும் தட்டினாள். காய்ந்த கரிசலில் கடப்பாறை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும், அவள் சோதனைக் குழி தோண்டும்போது ஆள் தோள் கழன்றுபோகும். தெரிந்தும் தட்டினாள். மூலையில் பூஜைக் கற்கள் அப்படியே இருக்கின்றன, மஞ்சள் பூசிய செங்கல்கள், சிதறிக் கிடக்கிற பொரி, இலை, குங்குமம். வைக்கும்போது செங்கல்கள் நேராக இருந்தனவா? ஒன்று சாய்ந்திருக்கிறது. யாருடைய காலாவது பட்டிருக்கும். ரோலர் மறுபடி வடக்கே வருகிறது, அதிர்வு வருகிறது, செங்கல் ஆடுகிறதா, அவள் கண் ஆடுகிறதா? பொரியைத் தின்ன இரண்டு புறா வந்து இறங்கியிருக்கின்றன. ரோலர் சத்தத்துக்கு எழும்பிப் பறக்கின்றன, ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வருகின்றன. பூஜை நடக்கும்போதும் வந்தன. புறா வருவது நல்ல சகுனம் என்று ஐயர்கூடச் சொன்னார். நல்ல சகுனம்தான், அதைப் பிடித்துக்கொள்வோம் என்று நினைத்தாள். நசுங்காத பழத்துக்குப் புறாவைக் கணக்கு வைத்து நேர் செய்துவிடலாம். எஞ்சினியருக்கு இதெல்லாம் தேவைதான்.

அப்பாவுக்குப் போன் பண்ணிப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியில் ஏறினால் அவர் போனைத் துணியில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிடுவார், அந்த அதிர்வில் யானை பிளிறினாலும் கேட்காது. அவர் முகம் இப்போது தெளிவாகத் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டார். இவள் பக்கம் பார்க்கவில்லை. மூலையைப் பார்க்கிறார். ஏன் மூலையைப் பார்க்கிறார்? உதடு அசைகிறது, பாட்டா? அப்பா வண்டியில் பாடுகிறவர் இல்லை. பயந்த நேரத்தில்தான் அவர் உதடு அப்படி முணுமுணுக்கும், சாமி பேரைச் சொல்லிக்கொண்டே இருப்பார், அவள் சின்ன வயசில் கிணற்றுக்குள் மூழ்கப்பார்த்த அன்றைக்கு அப்படி முணுமுணுத்தார். நீச்சல் பழக்கக் கூட்டிப்போன அன்றைக்கு. முதுகில் காலி எண்ணெய் டின்னைக் கட்டி, வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து, அப்பா இருக்கேன் அப்பா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிட்டார். கயிறு நழுவி டின் தனியாகப் போய்விட்டது. பச்சைத் தண்ணீர், மூக்கெல்லாம் தண்ணீர், மேலே வட்டமாகக் கொஞ்சம் வானம். அப்பா அவள் முடியைப் பிடித்துத் தூக்கிப் படியில் போட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அதற்கும் முன்னால், இறங்கும்போதே அவள் அலறினாள். படியில் கால் வைத்ததுமே கிணற்றுச் சுவர் பொந்துகளிலிருந்து படபடவென்று என்னவோ முகத்துக்கு நேரே கிளம்பி மேலே போயிற்று, பேய் என்று அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா சிரித்தார். ஏட்டி, மாடப்புறாட்டி, அது என்ன மரத்துலயா கூடு கட்டும், கெணத்துச் செவுத்துலதான் கட்டும், இதுக்குப் போயி பயப்படலாமா என்று கேட்டார்.

மாடப்புறா. சுற்றிலும் பொட்டல். கட்டடம் இல்லை, கோயில் இல்லை, பாலம் இல்லை. இந்தப் பொட்டலில் மாடப்புறாவுக்கு என்ன வேலை? பொங்கல் லீவுக்கு ஊருக்குக் கிளம்பின அன்றைக்குப் பார்த்தாளே, இந்த மூலை பூராவும் சீமைக் கருவேல முள்ளாக அடைந்து கிடந்தது, மனுஷன் நுழைய முடியாது. டோசர் வந்து முதல் உறுமல் உறுமியதும் முள்ளுக்கு உள்ளே இருந்து, தரைக்குள் இருந்து கிளம்பினது மாதிரி, புறாக் கூட்டம் எழும்பிற்று. அழகாக இருக்கிறது என்று நின்று பார்த்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள். திரும்பி வந்தபோது முள்ளும் இல்லை மேடும் இல்லை, பொங்கலுக்குள்ள முடிச்சிட்டோம்ல என்று அண்ணாச்சி மார் தட்டினார், தரை துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. அந்த முள்ளெல்லாம் எங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை. தள்ளியது முள்ளும் மண்ணுமாக எதற்குள் போயிற்று என்று டோசர்காரனும் கேட்டிருக்க மாட்டான், முள் மூடின கிணறு அவன் இருக்கையிலிருந்து தெரிந்திருக்காது. ஈசானி மூலை! பூஜைக்கு ஈசானி மூலைதான் உத்தமம் என்று கம்பெனிக்கு ஐயர் சொன்னது மாதிரியே, என்றைக்கோ கிணறு வெட்ட ஈசானி மூலைதான் உத்தமம் என்று இங்கே வெள்ளாமை பார்த்த சம்சாரிக்கும் ஒருத்தர் சொல்லியிருப்பார். எந்தச் சம்சாரி இந்தப் பக்கத்தில் கிணற்றை வேறு மூலையில் வெட்டினான்? எல்லாரும் கூடிப் பார்த்துப் பார்த்துக் கிணற்றின் மேல் சூடம் ஏற்றியிருக்கிறார்கள். புறா சகுனம் சொல்ல வரவில்லை, வீட்டைத் தேடி வருகிறது. பழம் கெட்டதும் சொல்லவில்லை நல்லதும் சொல்லவில்லை, அடியில் தரை இல்லை என்று சொல்லிற்று, அது ஒரு சோதனை, அவள் செய்கிற சோதனை மாதிரியே ஒரு சோதனை. இவ்வளவையும் அவள் யோசித்து முடித்தபோது ரோலர் தெற்கு முனையில் கடைசி வரிசைக்குத் திரும்பிவிட்டது.

"ஆபரேட்டர்!" என்று கத்தினாள். குரல் எஞ்சின் சத்தத்தில் காணாமல் போனது. கை ஆட்டினாள், அவர் கண் மூலையின் மேலேயே இருந்தது. ஓடினாள். ஹெல்மெட் விழுந்தது, பந்தலில் யாரோ எழுந்தார்கள். பக்கவாட்டில் ஓடினால் அவர் பார்க்க மாட்டார், அவர் பார்க்கிற இடத்தில் போய் நின்றால்தான் பார்ப்பார், அவர் பார்க்கிற இடம் அந்த ஒரே இடம். காலுக்கு அடியில் மண் குழைவாக இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தும் நின்றாள், செங்கல்லுக்கும் பொரிக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, இத்தனை நாளாக இந்தச் சைட்டில் யாருக்கும் காட்டாத குரலில், வயல்காட்டில் தூரத்தில் நிற்கிற அப்பாவைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"எப்போவ்! எப்போ... வ்!"

உருளை நின்றது. அதிர்வு அடங்கியது. எஞ்சினையும் அணைத்துவிட்டார். பந்தலில் இருந்து வரதராஜன் சார், அண்ணாச்சி, தலைமை அலுவலகக்காரர்கள், எல்லாரும் இலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம்," என்றார் வெயிலுமுத்து மேலே இருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு. "தள்ளுங்க மேடம். எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். நீ எறங்குப்பா. வண்டிய பின்னால எடுத்துட்டு எறங்கு. பழம் நசுங்கலப்பா."

அவர் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கிட்டே வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "நானும் பாத்தேன் தாயி. நசுங்காட்டா ஓட்டுதவனுக்குத்தான ஆகாது, என் தலையோட போகட்டும்னு வந்தேன். நான் ஓட்ட மாட்டேன்னா வேற ஆளை ஏத்துவாவ. ஏன் மாட்டேங்கன்னு உன்னைக் கேப்பாவ. எதுக்கு உனக்குத் தொல்ல." இரண்டு பேரும் ஒரே பழத்தைப் பார்த்துவிட்டு, ஒருத்தருக்காக ஒருத்தர் வாயை மூடிக்கொண்டு, ஒரு காலைப்பொழுதைக் கழித்திருக்கிறார்கள். "கெணறுப்பா," என்றாள். "அடியில கெணறு." குழைந்த மண்ணை விட்டு விலகி வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

செல்லத்துரை அண்ணாச்சி மூச்சு வாங்க வந்தார். அவருக்கு எதற்குக் கோபப்படுவது என்று தெரியவில்லை, வேலை நின்றதற்கா, எப்பா என்று கூப்பிட்டதற்கா. "என்ன மேடம் இது, கெணறு கிணறுன்னுட்டு? இந்தா பாருங்க" என்று பூச்சுற்றிய கடப்பாறையை எடுத்து, ஓரத்தில் நின்றபடியே கையை நீட்டி, அவள் நின்றிருந்த இடத்தில் ஓங்கிக் குத்தினார். கடப்பாறை குத்தி நிற்கவில்லை. அவர் கையிலிருந்து நழுவி, பூவோடும் சந்தனத்தோடும் உள்ளே போயிற்று. முள் முறிகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு வெகு கீழே தண்ணீரில் அது விழுந்தது. செங்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து அதன் பின்னால் போயின. அண்ணாச்சி பின்வாங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் அந்தக் குழியைப் பார்த்தார்கள். வெயிலுமுத்து மட்டும் குழியைப் பார்க்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் பதிந்திருந்த மகளின் பூட்ஸ் தடத்தைப் பார்த்தார். அது பாதி இருந்தது, பாதி உள்ளே போயிருந்தது.

"அங்கயா தாயி நின்ன?" என்றார்.

கிரீஸ் அப்பிய கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். உதடு முணுமுணுக்க ஆரம்பித்தது. வரதராஜன் சார் வந்து, இவர் யார் மேடம் என்று கேட்டார். எங்கப்பா சார் என்றாள். சார் அப்புறமும் ஏதேதோ கேட்டார், அவளும் பதில் சொன்னாள். எல்லாம் முடிந்து, கயிறு கட்டி ஆட்களை விலக்கி நிறுத்தும் வரைக்கும் அப்பா அந்தக் கையை விடவே இல்லை.